பொதுமக்களாகிய சைக்கிள்கடைக்காரர்

உடல்நிலைகளை மதிப்பிடும் வாரியம் பொதுமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுக்க முழுக்க விஞ்ஞானபூர்வமானது. வாரியத்தின் விளக்க அதிகாரி அலுவலகத்துக்குச் சைக்கிளில் வருகிறவர். ஒருநாள் காலை அவருடைய பின்சக்கரம் எந்தக் கடை வாசலில் பஞ்சர் ஆனதோ, அந்தக் கடைக்காரர் பொதுமக்களில் ஒருவர் ஆனார். இதில் யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்கவில்லை. குத்திய ஆணிகூட வாரியத்துக்குச் சம்பந்தமில்லாத ஆணி.

“நாட்டு மக்கள் சார்பா வந்து சில நம்பர் சொல்லணும்,” என்றார் விளக்க அதிகாரி, தண்ணீர்த் தொட்டியில் டியூப் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டே.

“எனக்குக் கணக்கு வராதே சார்.”

“அதான் வேணும். கணக்கு வர்றவங்களை நாங்க சேர்க்கிறதில்ல. யோசிக்க ஆரம்பிச்சுடறாங்க.”

சைக்கிள்கடைக்காரருக்குக் கடையின் பின்கட்டிலேயே வீடு. நடுவில் ஒரு மரக்கதவு, எப்போதும் திறந்தே கிடக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஊராரை ஒருவரோடொருவர் பேச வைத்து ஓய்வு பெற்றவள். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. குரல் விழவில்லை. அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு பிசியோ பெண் வீட்டுக்கே வந்து கையையும் காலையும் இயக்கிப் பழக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குச் சர்வாதிகாரி என்று பெயர் வைத்திருந்தாள். சர்வாதிகாரியின் ஆட்சியில், கட்டிலிலிருந்து மரக்கதவு வரை கோலை ஊன்றி நடக்குமளவுக்கு அக்கா முன்னேறியிருந்தாள். அடுத்த லட்சியம் கடை வாசல். “அங்க போய் உக்காந்தேன்னா, இவன் யார்கிட்ட என்ன ஏமாறுறான்னு நேர்லயே பார்ப்பேன்,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வாரியத்துல என்னடா பண்ணுவாங்க?” என்று அன்று கேட்டாள்.

“என்னமோ மார்க் போடணுமாம் அக்கா.”

“நீ மார்க் வாங்கியே நான் பார்த்ததில்ல. போட வேற கூப்பிடுறாங்களா. போய்ட்டு வா, போய்ட்டு வா.”

வாரியத்தின் கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. நடக்க முடியாதவர்களின் நிலையை மதிப்பிட, நடக்க முடிந்தவர்கள் மட்டுமே வந்து சேரும்படி கட்டடமே ஒத்துழைத்தது. உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் காய்ச்சல் பார்க்கும் கருவியை ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்ததுபோல ஓர் அட்டை நின்றது. அதன் பெயர் நலமானி. அடியில் பூஜ்யம், உச்சியில் நூறு. சுவரில் ‘அமைதியாகக் கற்பனை செய்யவும்’ என்று எழுதி மாட்டியிருந்தார்கள்.

இயக்குநர் பேசினார்.

“மனுஷனுக்கு மதிப்புப் போடுறது பாவம். அந்தப் பாவத்தை இந்த வாரியம் ஒருநாளும் செய்யாது. அதனால, மனுஷனைத் தனியா எடுத்து ஓரமா வெச்சிடறோம். அவனோட நிலைமைக்கு மட்டும் மதிப்புப் போடறோம். மனுஷன் இல்லாத நிலைமை ரொம்பச் சுத்தமா இருக்கும். அழாது. கையப் பிடிக்காது. நம்பர் சட்டுனு வரும். எந்தச் சிகிச்சை நடக்கணும், எது நிக்கணும்னு நாங்க முடிவு பண்றதில்ல. நீங்கதான் முடிவு பண்றீங்க. ராத்திரி நாங்க நிம்மதியாத் தூங்குறதுக்கு நீங்கதான் காரணம். ரொம்ப நன்றி.”

கூட்டம் கை தட்டியது. சைக்கிள்கடைக்காரரும் தட்டினார்.

முதலில் பழகிக்கொள்வதற்காக எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அதற்கு மதிப்புப் போடச் சொன்னார்கள். சராசரியாக இருபது வந்தது. நாட்டு மக்களின் மனநிலை பொதுவாகச் சோர்வாக இருப்பதாக இயக்குநர் குறித்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு கட்டு அட்டை வந்தது. ஒவ்வோர் அட்டையிலும் ஓர் உடல்நிலை ஐந்து வரிகளில் எழுதியிருந்தது. முதல் அட்டையில் மட்டும் ‘மரணம்’ என்ற ஒரே சொல்.

“இதைப் பூஜ்யத்துல வைக்கணும்,” என்றார் விளக்க அதிகாரி.

பக்கத்து மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் கை தூக்கினார்.

“பரீட்சைக்கே வராதவனுக்கு எப்படி சார் பூஜ்யம் போடுறது? ‘வரவில்லை’ன்னுதான் போடணும்.”

“இதைப் பூஜ்யத்துல வைக்கணும்,” என்றார் அதிகாரி, முன்னைவிடச் சத்தமாக. விளக்கம் சொன்னால் பொதுமக்களின் கருத்து கெட்டுவிடும் என்பதால், விளக்க அதிகாரி விளக்கக் கூடாது என்பது விதி. படித்ததையே திரும்பப் படிக்கலாம். சத்தத்தைக் கூட்டலாம்.

“செத்துப்போறதைவிட மோசம்னு தோணுச்சுன்னா?” என்று பின்னாலிருந்து ஒரு பேக்கரிக்காரர் கேட்டார்.

இதற்கு விதியிலேயே பதில் இருந்தது. “மேசைக்கு அடியில இன்னொரு அட்டை ஒட்டியிருக்கு. குனிஞ்சு அதுல வைக்கணும். முதுகுவலிக்காரங்க யாரும் அங்க வைக்கிறதில்ல. அதனால மரணத்தைவிட மோசமான நிலைமைங்க நம்ம நாட்டுல ரொம்பக் கம்மி.”

மணி அடித்தது. கற்பனை தொடங்கியது. நாளை முதல் ஆயுள் முழுக்க அட்டையில் உள்ள நிலையிலேயே இருக்கப்போவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள்கடைக்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. திறந்து பார்த்தார். ஐந்து வரிதான் இருந்தது. தலைமையாசிரியை ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் சிவப்புப் பேனாவால் ‘முயற்சி போதாது’ என்று எழுதிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர், உயிரோடு இருந்தால் சரி என்று எல்லாவற்றுக்கும் நூறு போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். முன்வரிசையில் ஒரு பெண் ஓர் அட்டையைப் பார்த்ததும் அழத் தொடங்கி, வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்.

அப்போதுதான் சைக்கிள்கடைக்காரருக்கு ஒரு வழி பிடிபட்டது. பழைய சைக்கிளை விற்க வருகிறவர்களும் இப்படித்தான் வரிசையாகச் சொல்வார்கள். செயின் கழண்டுக்குது, ரிம் கோணல், பிரேக் பிடிக்காது. வண்டியைப் பார்க்காமலே அவர் விலை சொல்லிவிடுவார். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

ஓர் அட்டை இப்படி இருந்தது: கோலில்லாமல் நடக்க முடியாது. குளிக்க, உடுத்த ஒருவர் துணை வேண்டும். வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாது. ஓரளவு வலி உண்டு. மனக்கவலை இல்லை.

சக்கரம் ஓடாது, கைப்பிடி நிற்காது, செயின் இழுக்காது, அங்கங்கே துரு. கடைசி வரியைப் பார்த்தால் பெல் மட்டும் நன்றாக அடிக்கிறது. பெல்லுக்காக யாரும் சைக்கிள் வாங்குவதில்லை. இரும்புக்கடைக்குத்தான் போகும். கடையைத் திறக்க நேரமாகிறதே என்ற கவலையோடு அவர் அந்த அட்டையை நலமானியில் எட்டாம் எண்ணுக்கு நேரே செருகினார். யாருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “நல்லா போட்டியா?”

“ம்,” என்றார்.

கொஞ்ச நாள் கழித்துப் பிசியோ பெண் பையில்லாமல் வந்தாள். வந்தவள் கட்டிலில் உட்காரவில்லை.

“என்ன பொண்ணு, சர்வாதிகாரி இன்னைக்குச் சிரிக்கவே இல்ல,” என்றாள் அக்கா.

“இந்த வாரத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. உங்களை மட்டுமில்ல, இந்த நிலைமைல இருக்கிற எல்லாரையும். பொதுமக்கள் கிட்டக் கேட்டாங்களாம். நூத்துக்கு எட்டுதான் போட்டிருக்காங்களாம். முப்பதுக்குக் கீழ போச்சுன்னா சிகிச்சை கொடுத்தும் பிரயோஜனமில்லைன்னு விதி.”

“எட்டா?”

“எட்டு.”

அக்கா சிறிது நேரம் தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே உரிய குரல் வந்தது. “எந்த மடையன்டி எனக்கு எட்டு போட்டான்? அவன் வீட்ல அக்கா தங்கச்சி கிடையாதா? பார்க்காம போட்டிருப்பான். பார்த்திருந்தா ஒரு பதினஞ்சாவது போட்டிருக்க மாட்டான்? நீயே சொல்லுடா.”

தம்பி மரக்கதவில் சாய்ந்து நின்றிருந்தார். “பாவம்கா, அவனுக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“நீ ஏண்டா அவனுக்கு வக்காலத்து வாங்குற?”

அவர் கடைக்குள் போய், பஞ்சரே இல்லாத ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் போட்டது ஒரு எட்டு, எத்தனையோ பேர் போட்டிருப்பார்கள், எல்லாம் சேர்ந்த சராசரிதானே என்று தேற்றிக்கொண்டு, மறுநாள் வாரியத்துக்குப் போனார். தன் எட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டால் சராசரி கொஞ்சம் ஏறலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு வராது என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

விளக்க அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்து அறையிலிருந்து இயக்குநரும் வந்து கை குலுக்கினார்.

“வாங்க வாங்க. நீங்கதான் பொதுமக்கள்.”

“ஆமா சார், நானும் ஒருத்தன்.”

“ஒருத்தன் இல்ல. நீங்க மட்டும்தான்,” என்றார் இயக்குநர். “வந்த பதில்களை நாங்க சுத்தம் பண்ணுவோம். அந்த டீச்சர் பாஸ் மார்க்கைத் தாண்டி யாருக்கும் கொடுக்கல, அதனால நீக்கிட்டோம். பேக்கரிக்காரர் எல்லாத்துக்கும் நூறு, நம்பத்தகுந்ததில்ல. நாலஞ்சு பேர் கேள்வி கேட்டாங்க, அவங்க போயாச்சு. அழுத அம்மா வீட்ல யாருக்கோ அதே நிலைமையாம். தெரிஞ்சவங்க சொல்றது பாரபட்சம் சார். தெரியாதவங்க சொல்றதுதான் பொதுக்கருத்து. கடைசியா நீங்க நின்னீங்க. கேள்வி கிடையாது, கண்ணீர் கிடையாது, வேற வேற நம்பர், சீக்கிரம் முடிச்சுட்டீங்க. உங்களை மாதிரி ஒரு பொதுமக்கள் கிடைக்க வாரியம் கொடுத்து வெச்சிருக்கணும்.”

சைக்கிள்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அந்த எட்டை நான் திரும்ப எடுத்துக்கறேன் சார். தப்பாப் போட்டுட்டேன். மனசு கெடந்து அடிச்சுக்குது.”

“எவ்வளவு அடிச்சுக்குது?” என்று விளக்க அதிகாரி ஒரு சின்ன நலமானியை மேசைமேல் வைத்தார். “குறிச்சுக் காட்டுங்க.”

அவர் நூறைக் காட்டினார்.

“உச்சத்தைக் காட்டினா ஏத்துக்க மாட்டோம். உணர்ச்சிவசப்பட்ட பதில்.”

தொண்ணூறைக் காட்டினார். இது முன்னே சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்று அதையும் நீக்கினார்கள். இரண்டு பதிலும் நீங்கிவிட்டதால் பொதுமக்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று பதிவாயிற்று.

“ஆனா ஒரு வழி இருக்கு,” என்றார் இயக்குநர். “நோயாளியே தன் நிலைமைக்கு மார்க் போடலாம். முப்பதுக்கு மேல எம்பதுக்குள்ள வந்துச்சுன்னா சிகிச்சை தொடரும். எம்பதுக்கு மேல போனா, அவங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு அர்த்தம், சிகிச்சை தேவையில்ல. யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

“அக்கா,” என்றார் அவர். முதல் முறையாக அந்த அட்டைக்கும் அக்காவுக்கும் உள்ள சம்பந்தத்தை வாய்விட்டுச் சொன்னார். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

விளக்க அதிகாரி மடக்கி எடுத்துப்போகும் நலமானியோடு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லி வைக்கத் தம்பி பெருமுயற்சி செய்தார்.

“ஐம்பது, அறுபதுன்னு சொல்லுக்கா. அது போதும்.”

“ஏண்டா? நான் ஐம்பதா?”

“ஒரு பேச்சுக்கு.”

“அந்த மடையன் எட்டுன்னான். நான் ஐம்பதுன்னு இறங்கி வந்தா, பேரம் பேசுற மாதிரி ஆயிடும். அவன் மூஞ்சில அறையிற மாதிரி சொல்லணும்.”

மடையன் தலையைக் குனிந்துகொண்டார்.

விளக்க அதிகாரி வந்து கட்டிலோரம் நலமானியை விரித்து நிறுத்தினார். மிகச் சிறந்த உடல்நிலை நூறு, மிக மோசமானது பூஜ்யம், இன்று உங்கள் உடல்நிலை எங்கே இருக்கிறது என்று படித்தார். அக்காவுக்குக் கேட்டது. இருந்தாலும் சத்தமாக இன்னொரு முறை படித்தார்.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற தம்பி, கையைக் கீழே கீழே என்று ஆட்டினார்.

“என்னடா கையை ஆட்டுற, ஈயா?” என்ற அக்கா, கோலின் நுனியால் நலமானியைத் தொட்டாள். “எண்பத்தஞ்சு. குறைச்ச பதினஞ்சு இந்தக் கைக்காக இல்ல. இவன் போடுற டீக்காக. எழுதிக்குங்க.”

“எண்பத்தஞ்சு,” என்று எழுதினார் அதிகாரி. “வாழ்த்துகள். உங்களுக்குச் சிகிச்சை தேவையில்ல.”

“என்னது?”

“பொதுமக்கள் கணக்குப்படி உங்களுக்குச் சிகிச்சை கொடுத்துப் பிரயோஜனமில்ல. உங்க கணக்குப்படி கொடுக்க அவசியமில்ல. ரெண்டும் ஒரே முடிவுக்கு வருது பாருங்க, இதான் இந்த முறையோட அழகு. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரே வீட்ல இவ்வளவு கருத்து வித்தியாசத்தை நான் பார்த்ததில்ல. தம்பி எட்டு, அக்கா எண்பத்தஞ்சு.”

“தம்பி எங்க வந்தான் இதுல?”

“அவர்தானேம்மா பொதுமக்கள்.”

கடையில் யாரோ பெல் அடித்துக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. கூப்பிட்டவர் போய்விட்டார்.

“நீயா போட்ட?” என்றாள் அக்கா. அந்தக் குரல் கட்டிலுக்கு மட்டும் கேட்கும் குரலாக இருந்தது. அவளிடம் அப்படியொரு குரல் இருப்பது தம்பிக்கே தெரியாது.

“அட்டையில உன் பேர் இல்லக்கா.”

“பேர் இல்ல. சரி. வேற என்ன இருந்துச்சு?”

அவர் சொன்னார். கோல், குளியல், வேலை, வலி, கவலை. ஐந்து வரியும் மனப்பாடமாக இருந்தது.

“இதுல எது நானில்லன்னு நினைச்ச?”

“எல்லாமேதான். உன்னை நான் அப்படி நினைச்சதே இல்லக்கா. நோயாளின்னு ஒருநாளும் தோணினதில்ல. அதான் ஞாபகமே வரல.”

அக்கா யோசித்தாள். “இது நல்ல விஷயமா கெட்ட விஷயமான்னு எனக்குத் தெரியலடா,” என்றாள்.

அதிகாரி இதை எங்கே எழுதுவது என்று கட்டங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். பழைய சைக்கிள் விலை விவகாரத்தைத் தம்பி சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

“பொதுமக்கள் மனசு மாறலாம்,” என்றார் அதிகாரி. இருவரில் ஒருவர் அழுதுவிட்டால் பதில்கள் கெட்டுவிடும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. “ஒரே ஒரு தடவை மறுமதிப்பீட்டுக்கு இடமிருக்கு. புது நம்பர் வந்துட்டா பழைய ரெண்டும் ரத்தாயிடும். உங்களுக்குத் தெரியாத நிலைமையா இருக்கணும், அவ்வளவுதான். ‘என் வீட்டில் இந்த நிலையில் யாரும் இல்லை’ன்னு உறுதி சொல்லணும். சொன்னா இப்பவே போடலாம்.”

“என் வீட்லதான இருக்கா. இதோ கட்டில்ல இருக்கா. நீங்களே இப்பத்தான் அவகிட்டப் பேசினீங்க.”

“நான் பார்த்தது பிரச்சினையில்ல. நீங்க சொல்றதுதான் பதிவாகும்.” அதிகாரி எழுந்து, தம்பியின் நாற்காலியைக் கட்டிலுக்கு முதுகு காட்டும்படி அவரே திருப்பிப் போட்டார். “இப்ப உங்களுக்கு யாரும் தெரியலல்ல?”

தம்பி உட்கார்ந்தார். எதிரே சுவர். சுவரில் ஒரு நாள்காட்டி.

“சொல்லுடா,” என்றது பின்னாலிருந்து இல்லாதவளின் குரல். “அந்தப் பொண்ணு வரணுமா வேணாமா? எனக்கு வாசல் வரைக்கும் போகணும்.”

“எப்படிக்கா சொல்றது?”

“எட்டு போட்டப்ப வராத கூச்சம் இப்ப எங்கிருந்துடா வருது?”

“என் வீட்டில்,” என்றார் அவர், “இந்த நிலையில், யாரும் இல்லை.”

“சத்தமாச் சொல்லு. சாருக்குக் கேட்டிருக்காது.”

அவர் சத்தமாகச் சொன்னார். பிறகு அட்டை வந்தது. அவர் கண்ணை மூடவில்லை, எதையும் நினைக்கவில்லை. முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருக்கிறது என்பதற்காக ஐம்பத்தைந்தில் செருகினார். முதல் தடவை ஒரு சைக்கிளையாவது கற்பனை செய்து போட்டது தப்பாகப் போயிற்று. இப்போது எதையும் கற்பனை செய்யாமல் போட்டது செல்லுபடியாயிற்று.

வாரியத்தில் விழா நடந்தது. பொதுமக்களின் மனசாட்சி எட்டிலிருந்து ஐம்பத்தைந்துக்கு உயர்ந்திருப்பதாகவும், இது வாரியத்தின் சாதனை என்றும் இயக்குநர் பேசினார். பொதுமக்களுக்கு ஒரு சால்வை அணிவிக்கப்பட்டது. நாடு முழுக்க அதே நிலையில் இருந்தவர்களுக்குப் பிசியோ திரும்ப வரத் தொடங்கியது.

அக்கா தலை வாரிக்கொண்டு காத்திருந்தாள். சர்வாதிகாரி வரவில்லை. தம்பி கடை வாசலில் நின்று பார்த்தபோது, அவள் பையோடு எதிர்வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு தச்சர், அக்காவைப் போலவே ஒரு பக்கம் விழுந்தவர், படுக்கையில் இருந்தார். தம்பி தெருவைக் கடந்து ஓடினார்.

“ஏம்மா, எங்க வீட்டை மறந்துட்டியா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மறக்கலண்ணே. உங்க வீட்ல இந்த நிலைமைல யாரும் இல்லைன்னு பதிவாகியிருக்கு. நீங்களே சொல்லியிருக்கீங்களாம். இல்லாத ஆளுக்கு நான் எப்படி வர முடியும்? வந்தேன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க.”

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாடியும் ஏறி வாரியத்துக்குப் போனார். விளக்க அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“சொன்ன உறுதியைத் தாராளமாத் திரும்ப வாங்கிக்கலாம். வாங்கினா, ஐம்பத்தஞ்சு செல்லாது. எட்டு திரும்ப வந்துடும்.”

“எனக்கா?”

“எல்லாருக்கும்.”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்வதற்குள் இரண்டு முறை கடைக்குள் போய்த் திரும்பி வந்தார். அக்கா கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“தச்சர் நேத்து எழுந்து நின்னாராம். அவர் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போனா. நின்னவுடனே அழுதுட்டாராம்.” தம்பி பக்கம் திரும்பினாள். “விடுடா. அவரைத் திரும்பப் படுக்க வைக்க முடியாது.”

“அப்ப நீ?”

“நான்தான் இல்லையே.”

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக, நான்கு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிசியோ பெண்ணுக்கும் மனசு கேட்கவில்லைபோல. தச்சர் வீட்டு ஜன்னல்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தச்சருக்குக் காது மந்தமோ என்று தெருவே நினைக்கும்படி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். “கையைத் தூக்குங்க, மெதுவா, தோள் வரைக்கும். விரலை விரிங்க.” தச்சரின் காதில் ஒரு குறையும் கிடையாது. பின்கட்டுக் கட்டிலுக்கு அந்தக் குரல் பாதிதான் எட்டியது. அதனால் அக்கா மரக்கதவைத் தாண்டினாள். தம்பி முழங்கையைப் பிடித்துக்கொள்ள, டயர்களுக்கு நடுவே கோலை ஊன்றி ஊன்றி, ஒருநாள் கடை வாசலுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிர்ஜன்னல் குரலுக்குக் கை தூக்கினாள். தச்சரும் தூக்கினார். தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கைகள் மெதுவாக ஏறி இறங்கின. தம்பி பிடித்தது தப்பாக இருந்தால், “அங்க இல்லடா, முழங்கையப் பிடி,” என்று அதட்டல் விழும்.

பொதுமக்கள் சொன்ன உறுதி உண்மைதானா என்று நேரில் பார்த்துவர, வாரியம் ஒரு சரிபார்ப்பு அதிகாரியை அனுப்பியது. அவர் இதுவரை இந்தத் தெருவுக்கு வராதவர். கையில் சின்ன நலமானி இருந்தது. அக்கா கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, தம்பி அதைத் தாங்கிப் பிடித்திருந்த நேரத்தில் அவர் கடை வாசலில் வந்து நின்றார்.

“இந்த வீட்ல நடக்க முடியாதவங்க, துணை தேவைப்படுறவங்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சரிதானே?”

எதிர்ஜன்னலில் குரல் நின்றுவிட்டது. தம்பிக்குப் பிடித்திருந்த கையை விடவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் தெரியவில்லை. ‘இருக்கிறாள்’ என்று சொல்ல நாக்கு எழுந்தது. எதிரே தச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இவங்க யாரு?” என்றார் அதிகாரி.

தம்பி வாய் திறக்கும் முன் அக்கா தன் கையைத் தானே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “காத்தடிக்க வந்தேன்,” என்றாள். “உக்காரச் சொன்னாரு.”

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். “சைக்கிள் எங்க?”

கடைக்காரர் உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த பம்பை எடுத்தார். சுவரோரம் நின்றிருந்த ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டார். பிறகு குனிந்து, காலையில்தான் நிரப்பிய டயரில் பம்பின் வாயைப் பொருத்தி அடிக்கத் தொடங்கினார். அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றார். கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. அடித்தார். டயர் கல்லாகிப் போன பிறகும் அடித்தார்.

“போதுங்க,” என்றாள் அக்கா. “வெடிச்சிடும்.”